தில்லை அண்ணை கேட்ட ஆட்காட்டி

தில்லை அண்ணை காலமான செய்தி எனக்குக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது வந்தது. அழைத்தவர் அவருடைய மனைவி மலர் அக்கா. "வசந்தி, அண்ணை போயிட்டார்" என்றார். "எங்கை போயிட்டார்?" என்று கேட்டேன். பனி கரையத் தொடங்கினால் அவர் வீட்டில் தங்கமாட்டார், வடக்கே பறவை பார்க்கப் போய்விடுவார். அப்படித்தான் நினைத்தேன். மலர் அக்கா என்னைக் கோபிக்கவில்லை. "ஆஸ்பத்திரியிலை, பிள்ளை. காலமை" என்றார். கத்தரிக்காய்ப் பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு சில வரிகள். தில்லைநாதனும் மலர் அக்காவும் கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பிறகு அவர்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றுக்கு மாறினார்கள். அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டபோது, மற்றவர்கள் இன்னொரு தொழிற்சாலை தேடினார்கள். இவர் பறவை பார்க்கும் கூட்டங்களை வட ஒன்ராறியோக் காடுகளுக்கு அழைத்துப் போகும் சிறிய நிறுவனம் ஒன்றில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். அங்கே அவர் ஒருவர்தான் தமிழர். எங்கள் ஆட்கள் விடுவார்களா? "காசு குடுத்துக் காகம் பாக்கப் போகினமோ?" என்று கலியாண வீடுகளில் அவரைச் சீண்டுவார்கள். "காகம் சும்மா காட்டுவன். மற்றதுக்குத்தான் காசு" என்பார்.

கண்ணைவிடக் காதைத்தான் அவர் நம்பினார். "கொப்பைப் பாத்துக்கொண்டு நிண்டா கழுத்துத்தான் நோகும். முதல் கேளுங்கோ" என்பார். இலைக்குள் ஒளிந்திருக்கும் சிறு குருவியை அதன் ஒற்றைச் சத்தத்தில் பெயர் சொல்லிவிடுவார். ஆனால் நிச்சயம் இல்லையென்றால் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லமாட்டார். ஒருமுறை மார்கரெட் என்ற வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், தூரத்தில் பறந்த பருந்து ஒன்றை அபூர்வமான ஒரு வகை என்று சொல்லச் சொல்லி அவரைப் பாடாய்ப் படுத்தினார். தில்லை அண்ணை மறுத்துத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம், "தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லோணும் வசந்தி. பறவை கோவிக்காது" என்றார். மார்கரெட் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டும் அவரோடுதான் வந்தார்.

2009 மே மாதம். வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்தது. முடிந்துகொண்டிருந்தது என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிட்டு, அதற்கு முன்னாலேயே தூங்கி எழும்பினோம். மிச்ச நேரம் நகரத்துத் தெருக்களில் பதாகை பிடித்து நின்றோம். தில்லை அண்ணையின் ஒரே தங்கை சாந்தினி, கணவனோடும் பிள்ளைகளோடும் உள்ளே அகப்பட்டிருந்தாள். முந்தின மாதம் யாருடைய ரெலிபோனிலோ ஒருமுறை பேசியிருந்தாள். "அண்ணா, கடல் பக்கமாப் போறம். பிறகு எடுக்கிறன்" என்றாளாம். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் குளிக்கும்போதுகூட ரெலிபோனைத் தொட்டி விளிம்பில் வைத்திருப்பார் என்று மலர் அக்கா சொன்னார்.

அந்தக் கிழமைதான் வடக்குப் பயணம் ஒன்று முன்பே ஒழுங்காகியிருந்தது. போகாவிட்டால் வேலை போய்விடும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. கூட்டத்தை ஏற்றிப்போகும் வான் வண்டியில் ஒரு இடம் காலியாக இருந்தது. "நீரும் வாரும் வசந்தி, எனக்கு ஆரோடையாவது தமிழ் கதைக்கோணும்" என்றார். நான் போனேன். தொலைக்காட்சிக்கு முன்னால் இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். எங்கள் சனம் இன்றைக்கும் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி, 'அண்டைக்கு நீர் எங்கை நிண்டனீர்?' என்பதுதான். நான் பறவை பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கொக்ரேன் என்ற சிறு நகரைத் தாண்டி, மரம் ஏற்றும் லொறிகள் போகும் மண் பாதையில் வான் போனது. வீடுகள் முடிந்தன, மின்கம்பங்கள் முடிந்தன, ரெலிபோனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போயின. ஏரிகளில் பனிக்கட்டி இன்னும் முழுதாகக் கரையவில்லை. அது வெடிக்கும்போது யாரோ அடித்தொண்டையால் முனகுவதுபோல் கேட்கும். சதுப்புச் சேறும் கறுத்த மெல்லிய மரங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அத்தனை பெரிய அமைதியில் எனக்கு நிம்மதி வரவில்லை. அங்கே இவ்வளவு சத்தமாக இருக்கும்போது இங்கே எப்படி இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று ஆத்திரம்தான் வந்தது.

மேடு கண்ட இடமெல்லாம் தில்லை அண்ணை வானை நிறுத்துவார். ரெலிபோனைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஏறுவார், ஒன்றும் இல்லாமல் இறங்குவார். பல வருடங்களாக அவரோடு வந்தவர்களுக்கு அது புதிதாக இருந்தது. என்ன நடக்கிறது என்று மார்கரெட் என்னிடம் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்டிலும் தனக்குக் கால் உளைகிறது, கொஞ்சம் நிற்கலாமா என்று மார்கரெட்டே முந்திக் கேட்டார்.

இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம், சதுப்பின் ஓரத்தில் நின்றோம். திடீரென்று வானத்திலிருந்து ஒரு இரைச்சல் இறங்கி வந்தது. மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, நேரே எங்கள் தலையை நோக்கி. நான் யோசிக்கவில்லை, ஊரில் ஷெல்லுக்குப் படுத்த பழக்கம். குப்புற விழுந்து இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன். ஈரப் பாசி முகத்தில் அப்பியது. பக்கத்தில் பார்த்தால் தில்லை அண்ணையும் குப்புறக் கிடந்தார். எங்களுக்குப் பின்னால் மற்ற எல்லோரும், மார்கரெட் உட்பட, சேற்றில் படுத்துத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தார்கள். வழிகாட்டி படுத்துவிட்டார், ஏதோ அரிய பறவை தரையில் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். "எங்கே? எங்கே?" என்று கிசுகிசுத்தார்கள்.

அது உள்ளான் என்ற சதுப்புப் பறவை. ஆண் உள்ளான் மாலையில் உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கும்போது வால் இறகில் காற்றுப் பட்டு எழும் சத்தம் அது. பெட்டையை மயக்குகிற சத்தம். தில்லை அண்ணை எழும்பி, சட்டையைத் தட்டிக்கொண்டு, அதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் அழகாக விளக்கினார். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும்தான் கொஞ்ச நேரம் கழித்து, வானுக்குப் பின்னால் போய், கண்ணீர் வரும்வரை சிரித்தோம். "எத்தினை வருஷமாக் கேக்கிற சத்தம் அண்ணை! நீங்களுமோ?" என்றேன். "காதுக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியேல்லை" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, கண்ணீர் நிற்கவில்லை.

திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலை ஓரத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றில் எங்கள் ரெலிபோன்களுக்கு உயிர் வந்தது. என்னுடையது நிறுத்தாமல் கீச்சிட்டது. முதல் செய்தியைத் திறந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. யார் யாரைப் பற்றி என்னென்ன சொல்லியிருந்தார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. தில்லை அண்ணைக்கு ஒரே ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அழைத்த எண் காட்டப்படவில்லை. காதில் வைத்துக் கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார். பிறகு என் காதில் வைத்தார். காற்று இரைந்தது, யாரோ மூச்சு வாங்கினார்கள், ஒரு பறவை விட்டுவிட்டுக் கத்தியது. அவ்வளவுதான், அழைப்பு அறுந்தது.

"ஆக்காட்டி" என்றார்.

எங்கள் ஊர்க் கடனீரேரிக் கரைகளில், ஆள் நடமாட்டம் கண்டால் கத்துகிற ஆட்காட்டிக் குருவியைத்தான் சொன்னார். "வெட்டை வெளியிலை நடக்கிறாள். தண்ணிக்குப் பக்கத்திலை. வெடிச்சத்தம் ஒண்டும் இல்லை, கவனிச்சனீரே? சண்டையைக் கடந்திட்டாள் வசந்தி. அவள் கடந்திட்டாள்." அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அவரிடம் கண்டதில்லை.

அந்தப் பதிவைக் கேட்காதவர் எங்கள் வட்டாரத்தில் குறைவு. ஒவ்வொரு புது ரெலிபோனுக்கும் அதை மாற்றிக் கொண்டுவந்தார். முகாம்களுக்கு ஆள் விட்டுத் தேடினார். இந்தியாவில் கண்டதாக ஒருவர் சொன்னார், அதுவும் பொய்யாய்ப் போனது. வருடங்கள் போகப் போக, அவளுக்கு ஒரு திவசமாவது கொடுப்போம் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். "உயிரோடை இருக்கிறவளுக்கு ஏன் திவசம்?" என்று கேட்டு அவர்களை வாசலோடு அனுப்பினார். மலர் அக்கா அந்த நேரங்களில் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். அவரும் நம்புகிறார் என்று நான் நினைத்தேன்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள், யூனியன்வில்லில் நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தின் சரளைக் கல்லில் ஒரு பறவை முட்டையிட்டிருந்தது. நான் கிட்டப் போனதும் சிறகு முறிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடி, கத்தி, என்னைக் கூட்டிலிருந்து விலக்கப் பார்த்தது. கில்டீர் என்பார்கள். ஆட்காட்டியின் இனம்தான், ஆனால் இந்த நாட்டுப் பறவை. அந்தச் சத்தத்தை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன், தில்லை அண்ணையின் ரெலிபோனில்.

அந்த வார இறுதியிலேயே டோர்செட் பார்க்குக்குப் போனேன். பதிவை இன்னொரு தரம் போடச் சொன்னேன். போட்டார். அதே பறவை, சந்தேகமே இல்லை. அந்த அழைப்பு வன்னியிலிருந்து வரவில்லை. இங்கேயிருந்துதான் யாரோ எடுத்திருக்கிறார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கேக்குது?" என்றார். "ஆக்காட்டி, அண்ணை" என்றேன். "ம்" என்று ரெலிபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஒற்றைச் சத்தத்தில் குருவியின் பெயர் சொல்லுகிற மனிதர் இதில் எப்படிப் பிழைவிட்டார் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆசை காதையும் அடைத்துவிடும் என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொண்டேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஸ்காபரோக் கோயில் மண்டபத்தில் நடந்தது. பிண்டம் வைக்கும்போது, வேறு யாருக்காவது சேர்த்துச் செய்வதுண்டா என்று ஐயர் கேட்டார். மலர் அக்கா நிமிர்ந்து, "சாந்தினி" என்றார். அந்தக் குடும்பத்தில் அந்தப் பெயர் இறந்தவர்களோடு சொல்லப்பட்டது அதுதான் முதல் தரம்.

சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது மலர் அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்த ரெலிபோன் கோல் நான்தான் பிள்ளை எடுத்தனான்" என்றார்.

அன்று தொலைக்காட்சியில் செய்தி கேட்டதும் வீட்டுக்குள் இருக்க முடியாமல், ரெலிபோனையும் எடுக்காமல் கீழே இறங்கியிருக்கிறார். கட்டடத்துக்குப் பின்னால், கார்கள் நிற்கும் இடத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் ரெலிபோன் வாங்கித் தில்லை அண்ணைக்கு அழைத்திருக்கிறார். "முடிஞ்சுது எண்டு சொல்லத்தான் எடுத்தனான். வாய் வரேல்லை. வைச்சிட்டன். அவர் வந்து, சாந்தினி எடுத்தவள், ஆக்காட்டி கத்தினது எண்டு சொல்லிச் சிரிக்கிறார். அந்த முகத்தைப் பாத்து எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

"அது இங்கத்தைக் குருவி அக்கா. அண்ணைக்கு அது தெரியாமல் போயிட்டுதே?" என்றேன்.

மலர் அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "குருவியை விடும். இத்தினை வருஷம் பக்கத்திலை படுத்த மனிசன். என்ரை மூச்சு அவருக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன்..."

"நான் சொல்லட்டும் எண்டு அவர் இருந்தார். அவர் கேக்கட்டும் எண்டு நான் இருந்தன். அதுக்குள்ளை அவள் உயிரோடை இருந்தாள்."

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதும். என்னாலை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியேலாது" என்றார். அந்தப் பதிவை என்னுடைய ரெலிபோனுக்கு அனுப்பிவிட்டு அண்ணையின் ரெலிபோனிலிருந்து அழித்தார். தில்லை அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். எப்போதாவது போட்டுக் கேட்கிறேன். காற்று இரைகிறது, கில்டீர் கத்துகிறது, பேச வாயெடுத்த ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கிறாள். அந்த இடத்தில் சாந்தினி இன்னும் இறக்கவில்லை.