ஓடையில் கழுவிய பித்தளைப் பம்பு

போன மாதம் மருமகளோடு கியா பார்ம் சந்தைக்குக் காய் வாங்கப் போயிருந்தபோது, ஸ்ட்ராபெரி விற்கும் ஒரு கடை வாசலில் பித்தளைப் பம்பு ஒன்றைப் பார்த்தேன். தேயிலைக்கு மருந்தடிக்க நாங்கள் முதுகில் சுமந்த அதே மாதிரிப் பம்பு. மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே மண்ணைப் போட்டு, சிவப்புப் பூச்செடி நட்டிருந்தார்கள். தோள்வார் போய்விட்டது, வார் கோத்த வளையங்கள் மட்டும் இருந்தன. என் கை தானாக நீண்டு அதன் அடிவிளிம்பைத் தடவியது. அங்கேதான் அழுக்குத் தங்கும். புளியும் சாம்பலும் போட்டு விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். "என்னா அத்தை, வாங்கணுமா?" என்று மருமகள் கேட்டாள். "வேணாம்லா, நான் சுமந்தது போதும்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு என் நாத்தனாரின் முகம் வந்து நின்றது.

நான் மருந்தடிக்கப் போனது எழுபதுகளின் நடுவில். அதற்கு முன்னால் தேயிலைக்குள் முளைக்கும் புல்லைப் பெண்கள்தாம் சுரண்டியால் செதுக்குவோம். புல்லோடு மணத்தக்காளியும் வல்லாரையும் முளைத்திருக்கும். வேலை முடியும்போது ஆளுக்கு ஒரு மடி கீரை வீட்டுக்கு வரும். பிறகு புல்லுக்கு ஒரு மருந்து, பூச்சிக்கு ஒரு மருந்து என்று வந்தது. பம்பு தூக்கத் தெம்புள்ள ஆட்களைக் கங்காணி பொறுக்கி எடுத்தார். பெண்களில் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டார். அதில் எனக்குப் பெருமை. இன்றைக்கும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பைத் தாண்டாதவள் நான். ஆனால் நான் மருந்தடித்த நிரையில் ஒரு செடி விடுபட்டது என்று யாரும் சொன்னதில்லை.

மற்றவர்கள் வேலை முடிந்ததும் மிச்ச மருந்தை மலையிலேயே கொட்டிவிட்டு, பம்பை அப்படியே ஸ்டோரில் மாட்டிவிட்டுப் போவார்கள். அவை பச்சை பிடித்துக் கிடக்கும். எனக்கு அது ஆகாது. என் முதுகில் ஏறுவது சுத்தமாக இருக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக் குழாயில் கழுவலாம் என்றால், அது பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். அங்கே கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. அதனால் மேல் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையில் இறங்கி, மூன்று முறை தண்ணீர் நிரப்பிக் குலுக்கிக் கொட்டி, வெளிப்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவேன். கூட வந்த பெண்கள் கரையில் நின்று கேலி செய்வார்கள். "புருஷன ஒருநாளு இப்பிடித் தேச்சுக் குளிப்பாட்டியிருப்பியா புள்ள?" என்பாள் ஒருத்தி. "அவரு இப்பிடி மினுங்க மாட்டாரே" என்பேன் நான்.

தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே இல்லை. அம்மன் திருவிழா முடிந்தால் முளைப்பாரியை அந்த ஓடையில்தான் விடுவோம். பிள்ளை பெற்ற வீட்டுத் துணியையும் செத்த வீட்டுத் துணியையும் அங்கேதான் அலசுவோம். ஓடுகிற தண்ணீரில் விட்டால் போய்விடும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. போய்விடும் என்றால் எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. அது என் நாத்தனார் வீட்டுக்குப் போனது.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா. கணவர் இறந்த பிறகு கீழ் லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓடை கொஞ்சம் அகன்று குட்டைபோல் நிற்கும். அதில் பதினொரு வாத்து வளர்த்தாள். விடிந்ததும் அவற்றைத் திறந்துவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, வேலைக்கு மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். தோட்டத்தில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும் அவள் வீட்டிலிருந்து முட்டை போகும். என் இரண்டாவது மகன் வயிற்றில் இருந்தபோது வாரம் தவறாமல் எனக்கும் அனுப்பினாள்.

அவளுக்கு ஒரு வாடிக்கைக்காரர் உண்டு. காட்டுக்குள்ளிருந்து வரும் பூர்வகுடி, அஸ்லிக்காரர். தேனும் பெத்தாய்க் காயும் மூங்கில் குருத்தும் கொண்டுவந்து, உப்பும் பழைய துணியும் வாங்கிக்கொண்டு போவார். மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார். ஓடையில் மீன் பிடிக்கத் துபா என்ற காட்டு வேரை இடித்துக் கலக்குவார். மீன் மயங்கி மிதக்கும். அரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

முதலில் ஓடையில் சின்ன மீன்கள் காணாமற்போயின. பிறகு அந்தி நேரத்துத் தவளைச் சத்தம் நின்றது. எனக்கு அது தெரிந்தது. மழை குறைவு, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவளை போனதும் கீழ் லயத்தில் கொசு பெருகியது. ஒரு நாள் காலையில் நாத்தனார் தலையை அள்ளி முடியாமல் என் வாசலுக்கு ஓடிவந்தாள். "ஏ புள்ள, என் வாத்துங்கள வந்து பாரு. வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து வாத்துகள் குட்டையோரம் கழுத்தை மண்ணில் போட்டுக் கிடந்தன. பொழுது சாய்வதற்குள் பதினொன்றும் போயின.

மூன்றாம் நாள் அஸ்லிக்காரர் தேன் போத்தலோடு வந்தார். போன வாரம்தான் துபா கலந்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். நாத்தனார் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உனக்கு மீனு வேணும்னா என் வாத்தக் கொல்லுவியா? உனக்கு உப்புப் போட்ட கை இது" என்று கத்தினாள். லயமே கூடிவிட்டது. அவர் குட்டையருகே குந்தி, தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். "துபா இல்ல அக்கா. துபா மீனுக்கு மட்டும். ஒரு நாள்தான், அப்புறம் தண்ணி நல்லது. இது வேற வாசம். மேல இருந்து வருது" என்றார். சொல்லிவிட்டு எழுந்தவர் கூட்டத்தைப் பார்த்தார். அவர் பார்வை என் கைகளில் நின்றது. மருந்து பட்டுப்பட்டு என் நகங்கள் மஞ்சள் பிடித்து வெடித்திருந்தன. நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இனிமேல் இந்தப் பக்கம் காலை வைக்காதே என்று நாத்தனார் அவரிடம் சொன்னாள். அவர் தேன் போத்தலைப் படியில் வைத்துவிட்டுப் போனார். காசும் கேட்கவில்லை, உப்பும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் தோட்டத்துக்கு வரவேயில்லை.

அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. மறுநாளும் நான் ஓடையில்தான் பம்பைக் கழுவினேன். உடனே நிறுத்தினால், கரையில் நின்று கேலி செய்கிற பெண்கள் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் தெரிந்துவிடும். ஒரு மாதம் போகட்டும், மெல்ல நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த மாதம் முடிவதற்குள் நாத்தனார் கம்போங் ராஜா சந்தையிலிருந்து ஆறு வாத்துக்குஞ்சுகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். கூடைத் துணியை விலக்கி எனக்குக் காட்டினாள். "இப்ப அவன் வர்றது இல்ல. இதுங்க பொழச்சிக்கும்" என்றாள். நான் ஒரு குஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அன்று மாலையும் பம்பைக் கழுவினேன். பத்து நாளில் ஆறும் செத்தன.

அதன் பிறகுதான் மலைமேலே, ஓடைக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டிக் கழுவத் தொடங்கினேன். கங்காணி பார்த்துவிட்டு, "என்னம்மா, பம்புக்குக் கல்லறை கட்டுறியா?" என்றார். ஓடை உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை. அதற்குள் ஓடைக்கு மேலே, திரிங்காப் ஊர்ப் பக்கத்துச் சரிவுகளிலும் காடு வெட்டிக் காய்த்தோட்டம் போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. யாருடைய மருந்து, யாருடைய மண் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. அந்தக் கலங்கலுக்குள் என் குற்றமும் மறைந்துபோனதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அப்படி ஆறுதல்பட்டவள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தண்ணீரில் விட்டதை மீன் தின்றது, மீனை வாத்து தின்றது, அந்த வாத்தின் முட்டையைப் பிள்ளைத்தாய்ச்சிகள் தின்றார்கள். அந்த முட்டை தின்று நான் பெற்ற என் மகன் நன்றாகத்தான் இருக்கிறான். மற்ற வீடுகளைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

எண்பதுகளில் நாத்தனார் தன் மகளோடு இருக்க ஈப்போவுக்குப் போனாள். மூட்டை முடிச்சுகளை லோரியில் ஏற்றிவிட்டு, என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். அந்தக் குட்டை தூர்ந்து புல் மண்டிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவன் வராதப்பவும் குஞ்சுங்க செத்துச்சே, அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும். எல்லார் பம்பும் பச்சை புடிச்சுக் கெடக்கும். ஒன்னோடது ஒண்ணுதான் மினுங்கும்." நான் குனிந்துகொண்டேன். "ஒன்னத் திட்டறதுக்குக் கூப்பிடல. அவன எங்கியாவது பாத்தா, அந்தக்கா தப்பாப் பேசிட்டா, மன்னிச்சுக்கோன்னு சொல்லு. யாரு கழுவுனதுன்னும் நீயே சொல்லிடு" என்றாள். "சரி அண்ணி" என்றேன். அவள் இறந்து பல வருடம் ஆகிறது. இன்னும் நான் சொல்லவில்லை.

போன மாதம் அந்தப் பம்பைப் பார்த்த அன்று, கடைக்கு எதிரே, ரோட்டோரத்தில் ஓர் அஸ்லிப் பெண் பாய் விரித்துத் தேனும் பெத்தாயும் விற்றுக்கொண்டிருந்தாள். என் மகள் வயதிருக்கும். நான் போய்க் குந்தி, அவள் காட்டிய முதல் போத்தலையே வாங்கிக்கொண்டேன். அவள் அப்பாவோ பெரியப்பாவோ எங்கள் தோட்டப் பக்கம் வந்ததுண்டா என்று மலாயில் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மருமகள் கூப்பிட்டுவிட்டாள். அவள் கூப்பிட்டதால்தான் கேட்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

எழுந்து திரும்பினேன். கடைக்காரப் பெண் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பம்பின் அடியில் ஓட்டை போட்டிருந்தார்கள். அதன் வழியாகத் தண்ணீர் சொட்டி, ரோட்டோரமாக ஓடி, அந்தப் பாயைச் சுற்றிக்கொண்டு கால்வாயில் இறங்கியது. வெறும் தண்ணீர்தான். கால்வாய் வளைந்து மறையும் இடம்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பம்பை யாரோ நன்றாகத் தேய்த்து வைத்திருந்தார்கள். வெயில் பட்டு மினுங்கியது.