ஹராஜுக்குவில் ஒரு மைன்ஸ் மாமா

டோக்கியோவின் ஷின்ஜுக்குவிலிருந்து ஹராஜுக்குவுக்கு இரண்டே நிறுத்தம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு இறங்கியதுமே எனக்குக் குழப்பம். நெய்வேலியில் நான் பார்த்துவிட்டு வந்த படங்களில் இங்கே தெருவில் நடக்கும் பெண்கள் அடுக்கு கவுனும் இளஞ்சிவப்பு முடியுமாக இருந்தார்கள். அதை நம்பி ஐந்து வயது மகள் ரோஷினிக்கு லேஸ் வைத்துக் குடைபோல ஒரு கவுன் தைத்துப் போட்டிருந்தேன். தகேஷிதா தெருவின் நீளம் முந்நூற்றைம்பது மீட்டர்தான். பாதி நடந்தும் அப்படி உடுத்திய ஒருத்தியைக்கூடக் காணோம். எங்கும் கறுப்பு, சாம்பல், தொளதொள பேன்ட்.

"அதெல்லாம் மலையேறிப் போச்சுக்கா," என்றான் இங்கே வேலை பார்க்கும் தம்பி ஜெரால்டு. "பாப்பாவ பொறந்தநாள் கேக் மாதிரி கொண்டாந்திருக்க."

"மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"தச்சு முடிச்சுட்டுதான போட்டோ அனுப்புன?"

மாற்றிவிடலாமா, வேண்டாமா? எழுநூறு யென் கொடுத்து அவன் கிரேப் என்கிற இனிப்பு தோசை வாங்கப் போன நேரத்தில், பையில் இருந்த சாதாரண ஃபிராக்கைத் தேடிக் குனிந்தேன். நிமிர்ந்தால் ரோஷினி இல்லை.

கத்திக்கொண்டே ஓடினேன். தெருக்கோடியில் ஓர் இளைஞனின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் உடம்பில் நீல ஓவரால், கையில் ஒளிரும் பட்டை, முழங்காலில் கிரீஸ் கறை. என்ன செய்வதென்று தெரியாமல், அசையாமல் நின்றிருந்தான்.

"மைன்ஸ் மாமாம்மா! பிளாக் நம்பர் சொன்னேன், இவருக்குத் தெரியல."

எங்கள் நெய்வேலிச் சுரங்க நகரியத்தில் பேச்சு வந்ததுமே பிள்ளைகளுக்கு பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் சொல்லிக்கொடுப்போம். தொலைந்துபோனால் மைன்ஸில் வேலை செய்கிற, நீல யூனிஃபார்ம் போட்ட மாமாவிடம் சொல், வீட்டில் விடுவார் என்போம். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

ஜெரால்டு விசாரித்தான். அந்தப் பையன் கேக் கடையில் வேலை செய்கிறானாம். ஓவரால் ஃபேஷனுக்காகப் பழைய துணிக்கடையில் வாங்கியது. கறை இருந்தால் விலை கூடுதலாம். ரோஷினியின் கவுனைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ சொன்னான்.

"இவனோட அம்மா சின்ன வயசுல இந்த மாதிரி கவுனத்தான் போட்டாங்களாம்," என்றான் தம்பி.

நன்றி சொல்வதா, பயப்படுவதா என்றே தெரியவில்லை. ரயிலில் ரோஷினியிடம், "டிரஸ்ஸப் பாத்து யாருகிட்டயும் போகாத," என்றேன்.

"அவரு நல்ல மாமாதானம்மா?"

"நல்லவருதான்."

"அப்ப ஏம்மா போகக் கூடாது?"

கசங்கியிருந்த அவள் கவுனின் லேஸை நீவிவிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள், மைன்ஸில் நைட் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டுக்காரர், எப்போதும்போல, "ஏறிக்கிறியா பாப்பா?" என்று நிறுத்தினார். ஓடிப்போய் ஏறுகிறவள் ஏறாமல், திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டத்தான் நினைத்தேன். அதற்குள் அவர், "வெய்யில் ஏறுது, வூட்டுக்குப் போங்கம்மா," என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.