காற்றை நம்பி வாங்கிய பெட்டி

என் தம்பி பேஸ் கிடார் வாசித்தான். எங்கள் தெருவில் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. கிடார் தெரியும். நான்கே கம்பிகளோடு, தடித்த சத்தம் மட்டும் வருகிற கிடார் தெரியாது. அதிலும் அவனுடைய குழு வாசித்தது, ‘ஹெவி’ என்று அவர்களே பெயர் சொல்லிக்கொண்ட இசை. பாட்டு குறைவு, அடி அதிகம். எதிர்வீட்டில் சேவுக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, அவர்கள் ஒத்திகை பார்க்கும் தகரக் கொட்டகையைத் தாண்டி வரும்போதெல்லாம் என்னிடம் கேட்பார்: “ஏம்மா, ஒங்க தம்பி இன்னும் சாமானத்தானா எறக்குதான்? பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அப்பாவும் அம்மாவும் புதூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மானாவாரி நிலத்தோடும் சில ஆடுகளோடும் இருந்தார்கள். நானும் தம்பியும் கோவில்பட்டியில் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தோம். எனக்குச் சோதனைக்கூடத்தில் வேலை. நூலைக் குறிப்பிட்ட நீளத்துக்குச் சுற்றி எடுத்து நிறுப்பது, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்ப்பது, பார்த்ததை எழுதி வைப்பது. கதவு சாத்திய, சத்தமில்லாத அறை. தம்பிக்கு ஸ்பின்னிங் பகுதி. வரிசை வரிசையாக நூல் சுற்றும் கதிர்கள் பேரிரைச்சலோடு சுழலும் அந்தக் கூடத்தில் யாரும் யாருடைய குரலையும் கேட்டுப் பேசுவதில்லை. உதட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். தம்பி பள்ளி முடித்த கையோடு அங்கே சேர்ந்தவன். நான் ஏதாவது சொன்னால் என் முகத்தைப் பார்ப்பான், உடனே பதில் சொல்வான். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போக மாட்டான். சோம்பல் என்று திட்டியிருக்கிறேன்.

குழுவில் டிரம்ஸும், அதோடு நிற்கும் சிங்கி என்கிற பித்தளைத் தட்டுகளும் வாசித்தவர்தான் எல்லாம். நிகழ்ச்சி பிடிப்பதும், யார் என்ன வாசிக்க வேண்டும் என்று சொல்வதும் அவர்தான். தம்பியைவிட மூத்தவர். கோயில் கொடைத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் அவர்களுக்கு வருமானம். மனம் முழுக்க அந்த ஹெவியில். அந்த ஆண்டு ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியின் ஆண்டு விழாவில், அவர்கள் தாங்களே அமைத்த ஹெவி உருப்படிகளை மட்டும் வாசிக்க அழைப்பு வந்தது. அதுதான் முதல் முறை.

அழைப்பு வந்த வாரத்தில் டிரம்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

“ஏலே, கோச்சுக்காத. ஒன் அடி இப்பல்லாம் பிந்தி விழுது. நான் சிங்கியில குச்சிய வச்சு நாலு தட்டுதேன்லா, அதுக்கு அப்புறம் நீ தேடிக்கிட்டு வார.”

“பெட்டி சரியில்லண்ணே,” என்றான் தம்பி. “மைக்செட் கடைக்காரன் பெட்டி அது. கும்முனு இருக்கே தவிர தெளிவு இல்ல. நான் அடிக்கது எனக்கே வெளங்கல.”

“சரி, நல்ல பெட்டியா ஒண்ணு வாங்கு. விழாவுல சரியா வந்துட்டுன்னா ஒண்ணும் இல்ல. வரலைன்னா தூத்துக்குடிப் பையன் ஒருத்தன் இருக்கான், வாரேங்கான். நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

அவர் போன பிறகு தம்பி வெகுநேரம் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம், “எக்கா, நீயும் மதுரைக்கு வா. நீதான் எதையும் சோதிச்சுப் பாத்து வாங்குவ,” என்றான். தங்கள் ஹெவியைத் தவிர வேறு எந்தப் பாட்டையும் அவன் அப்போது கேட்பதில்லை. ரேடியோவை அணைத்துவிடுவான். ஏன் என்று கேட்டால், “இதுதாங்க்கா எனக்கு முழுசாக் கேக்கு,” என்பான். ரசனையைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆலை விடுமுறை நாளில் காலை ரயிலில் டிரம்ஸ்காரரும் சேர மூன்று பேரும் போனோம். மதுரை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒலிபெருக்கி சாமான் விற்கிற ஒரு கடை. தெருவைப் பார்த்துத் திறந்த கடை. வாசலில் ஆட்டோக்களின் ஹார்ன் ஓயவில்லை. டிரம்ஸ்காரர் பக்கத்துக் கடையில் டிரம்முக்குத் தோல் பார்க்கப் போய்விட்டார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்றில் பத்து இஞ்ச் ஸ்பீக்கர்கள் நான்கு, இரண்டு இரண்டாக. எந்தத் துவாரமும் இல்லாமல் முழுக்க மூடியது. இன்னொன்றில் பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. பெட்டி என் இடுப்புக்கு மேல் வந்தது. ஸ்பீக்கருக்குக் கீழே, உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவில் வட்டமாக ஒரு துவாரம். பெட்டிக்குள் இருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியே வந்து போகும் என்றார்.

“கிடாருக்குன்னா நாலு ஸ்பீக்கர்தான் சரியா இருக்கும் தம்பி. ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழும். பதினெட்டு சும்மா அதிரும், அவ்வளவுதான்.”

தம்பி இரண்டிலும் வாசித்துப் பார்த்தான். நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் ஒவ்வொரு அடியும் விரல் கம்பியைத் தொடுகிற சொடுக்கோடு கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. தம்பி முகம் சுளித்தான். “இதுல ஒண்ணுமே இல்லியேக்கா,” என்றான். பதினெட்டு இஞ்ச் பெட்டியில் அதே அடியை அடித்தபோது கடையின் கண்ணாடி அலமாரி நடுங்கியது. தம்பி தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “கோவில்பட்டியா? அதான பாத்தேன். உங்க ஊர்க்காரங்க யாரு வந்தாலும் கடையைக் கொளுத்திப் பாக்காம போறதில்லை.”

எங்கள் பக்கத்து மைக்செட்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பேஸ் பெட்டி வாங்குமுன் தீக்குச்சியைக் கொளுத்தி அதன் துவாரத்துக்கு நேரே பிடிப்பார்கள். சத்தம் கொடுத்ததும் காற்று வந்து குச்சி அணைய வேண்டும். எவ்வளவு தள்ளிப் பிடித்து அணைகிறதோ அவ்வளவு நல்ல பெட்டி. தீப்பெட்டி ஆலைகள் நிறைந்த ஊரில், யார் பையிலும் குச்சிக்குக் குறைவில்லை. தம்பி என்னிடம் குச்சியைக் கொடுத்துவிட்டுக் கம்பியை அடித்தான். ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன், அணைந்தது. இரண்டு சாண், அணைந்தது. இரண்டரைச் சாணில் சுடர் படுத்து எழுந்தது. மறுபடியும் செய்தேன். அதே அளவு. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை எழுத வேண்டும். காதுக்குக் காது அபிப்பிராயம் மாறும். இது கண்ணால் பார்த்து, திரும்பச் செய்தாலும் மாறாத சோதனை. நான் தினமும் செய்கிற வேலையைப் போல இருந்தது.

துவாரத்துக்கு அருகில் குனிந்திருந்ததால் இன்னொன்றும் கேட்டது. கீழ்ச்சுரங்களை அடிக்கும்போது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ‘புஸ்’ என்று ஒரு சத்தம்.

“என்னமோ காத்துப் போற சத்தம் கேக்குதேலே,” என்றேன்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். “எங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலியே,” என்றான்.

வாசிக்கிறவனுக்கே கேட்கவில்லை என்றால் அது தெருச்சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். துவாரம் சிறியதாக இருப்பதால்தான் காற்று அவ்வளவு வேகமாக வருகிறது, அது பெட்டியின் குறை என்பது எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. டிரம்ஸ்காரர் வந்து இரண்டரைச் சாண் என்று கேட்டதும் தலையாட்டிவிட்டார். பெட்டி லாரியில் ஊர் வந்து சேர்ந்தது.

ஒத்திகையில் எதுவும் தெரியவில்லை. அந்தக் கொட்டகை, காலி தீப்பெட்டிகளைப் போட்டுவைக்கக் கட்டிய தகரக் கொட்டகை. புதுப் பெட்டி அதிர்ந்ததும் கூரை முழுவதும் தடதடவென்று ஆடியது. அதில் எதையும் பிரித்துக் கேட்க முடியாது. தம்பி சந்தோஷமாக இருந்தான். உடம்பால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். பிந்துவது குறைந்திருக்கிறது என்று டிரம்ஸ்காரரே சொன்னார். விழாவின் முதல் உருப்படியில் தொடக்கத்தைத் தம்பிக்குக் கொடுத்தார். வேறு எந்த வாத்தியமும் இல்லாமல், பேஸ் மட்டும் தனியாக, மெதுவாக, மிகத் தாழ்ந்த சுரங்களில் வர வேண்டும்.

விழா மாலை வெயில் இறங்கிய பிறகு தொடங்கியது. கல்லூரி மைதானம் கரிசல் மண். மழை கண்டு வெகுநாளானதால் நாற்காலிக் கால்கள் வெடிப்பில் இறங்கின. நான் ஓரத்தில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் மைக்செட்காரர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முன்னால் மைக் வைத்துக்கொண்டு வந்தார். தம்பியின் பெட்டிக்கு வந்ததும் துவாரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மைக்கைச் சரியாக அதற்கு நேரே வைத்தார். காற்று வருகிற இடத்தில்தான் பேஸ் இருக்கும் என்பது அவருடைய கணக்கும்.

தம்பி முதல் சுரத்தை அடித்தான். மைதானத்தின் இரு பக்கமும் அடுக்கியிருந்த பெரிய பெட்டிகளிலிருந்து ‘புஸ்ஸ்’ என்று வந்தது. அதற்குப் பின்னால் எங்கோ சுரம். இரண்டாவது அடி. மறுபடியும் ‘புஸ்ஸ்.’

“ஏலே, பஞ்சரு!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

“காத்து எறங்குதுலே! பம்ப எடுத்துட்டு வாங்க!”

“அண்ணாச்சி, ஒட்டுப் போட்டுட்டு வாசிங்க!”

பிறகு வரிசை வரிசையாக வாயாலேயே ‘புஸ்ஸ்’ விடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் சேர்ந்து விட்டார்கள். சிரிப்பு மைதானம் முழுக்கப் பரவியது.

தம்பி அந்த இரைச்சலைப் பார்த்துச் சிரித்தான். ஒரு கையைத் தூக்கி அசைத்தான். மேடையின் முன்பக்கத்துக்கு வந்து, அதே தாழ்ந்த சுரத்தை இன்னும் நீளமாக, இன்னும் பலமாக அடித்தான். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

டிரம்ஸ்காரர் குச்சிகளை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் முறை வருவதற்கு வெகு முன்பே, சிங்கிகளையும் டிரம்மையும் சேர்த்து ஓங்கி அடித்து உள்ளே வந்துவிட்டார். லீட் கிடார்காரர் திகைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்தார். அந்தச் சத்தத்தில் ‘புஸ்’ மூடிப்போனது. கடைசிவரை டிரம்ஸ்காரர் சிங்கியை விடவே இல்லை.

மேடைக்குப் பின்னால் தம்பி என்னிடம் ஓடி வந்தான். வேர்த்துக் கொட்டியது. “எக்கா, பாத்தியா, எப்படிக் கத்துனானுவ!”

டிரம்ஸ்காரர் வந்து அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“ஒனக்கு அது கேக்கலையாலே?”

“எதுண்ணே?”

அவர் வாயைக் குவித்து ‘புஸ்ஸ்’ என்று விட்டார். தம்பி அவர் உதட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “என்ன, ஊதிக் காட்டுதாரு?” என்றான்.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்துச் சோதித்து, ஒரு வரைபடத்தை என் கையில் கொடுத்தார்கள். வரைபடம் பார்ப்பது என் வேலை. இடது பக்கம் தடித்த சத்தங்கள், வலது பக்கம் விசில் போன்ற கூர்மையான சத்தங்கள். கோடு இடது பக்கம் மேலே நேராகப் போய், பாதியில் செங்குத்தாக விழுந்திருந்தது. இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி. டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பேஸ் அவனுக்குக் கேட்டது. அடி தொடங்குகிற சொடுக்கு கேட்கவில்லை. சிங்கி கேட்கவில்லை. குக்கர் கேட்கவில்லை. டிரம்ஸ்காரர் தட்டிய நான்கு தட்டும் அவனுக்கு வெறும் கையசைவு.

ஆலைச் சத்தத்தால் வந்தது, போனது திரும்பாது, இனி ஆலையும் கூடாது, இந்த மாதிரி இசையும் கூடாது என்றார் டாக்டர். தம்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைச் சத்தம் குறைந்த பேக்கிங் பகுதிக்கு மாற்றச் சொல்லி மேற்பார்வையாளரிடம் வரைபடத்தைக் கொண்டுபோனேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “அங்கன இருக்க எல்லாருக்கும் அப்பிடித்தாம்மா. அத்தன பேரையும் நான் எங்க கொண்டு போட?” அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். தம்பி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அதே கூடத்துக்குப் போனான். ஆலை, இசை இரண்டில் ஒன்றைத்தான் அவனால் விட முடியும். ஊரில் நிலம் காய்ந்து கிடந்தது.

டிரம்ஸ்காரர் வீட்டுக்கு வந்து எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, தம்பியே முந்திக்கொண்டான்.

“தூத்துக்குடிப் பையன வரச் சொல்லுங்கண்ணே. பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க. இங்கன அடுப்படிக்குப் போவ வழி இல்ல.”

“நீ வேணும்னா கூட வாலே. சும்மா நில்லு.”

“நின்னு?” என்றான் தம்பி. அவர் எழுந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

பெட்டியை அவர் ஒரு தச்சரிடம் கொடுத்து, துவாரத்தை இரண்டு மடங்காக அறுத்துப் பெரிதாக்கினார். ‘புஸ்’ நின்றுவிட்டது. ஒரு பகல் வேலைதான்.

அந்தக் கோடையில் மணியாச்சி போகும் வழியில் ஒரு கிராமத்தில் கொடைக்குக் குழு வாசித்தது. தம்பி பார்க்க வேண்டும் என்றான். இருவரும் போனோம். பந்தலுக்குப் பக்கவாட்டில், தூத்துக்குடிப் பையனின் விரல்கள் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, விழாவில் தம்பி தனியாகத் தொடங்கிய அந்த உருப்படியை அவர்கள் எடுத்தார்கள். தம்பி என் பக்கம் திரும்பினான்.

“எப்பிடி வாசிக்குதான்?”

“நல்லா வாசிக்குதான்.”

“அடி சரியா விழுதா?”

“விழுது.”

“சிங்கியோட சேந்தா விழுது?”

நான் காதைக் கொடுத்துக் கவனித்துவிட்டுச் சொன்னேன். “சேந்துதான் விழுது.”

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, “போவோம்க்கா, எனக்குக் காலைல ஷிப்ட்டு,” என்றான். உருப்படி முடியவில்லை. வயல் வழியாகப் பேருந்து ரோட்டுக்கு நடந்தோம். பின்னால் பாட்டு தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் சிங்கி நின்றது, பிறகு கிடார் நின்றது, பிறகு குரல். ரோட்டில் ஏறியபோது பேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் எனக்கும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.