இடதுக்குக் கறுப்பு நூல்

தென்காசி ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எனக்கு மூத்தவராக இருந்த அக்காவின் கோட்டுப் பையில் எப்போதும் கறுப்பு நூற்கண்டு கிடக்கும். தொண்டையில் அறுத்தெடுத்த டான்சில் வந்தால், பக்கம் மாறாமலிருக்க இடதுபக்கத்துச் சதையில் முடிச்சுப் போட்ட பிறகுதான் மற்ற வேலை.

ஒருநாள் அவர் வருமுன், புளியறை லாரிக்காரர் ஒருவரின் இரண்டு டான்சில்களையும் நூல் கட்டாமலே ஒரே தட்டில் கொட்டி, ஒளியால் திசுவுக்குள் பார்க்கும் புதுக் கருவியில் வைத்தேன். ஒன்றில் புற்றுபோல் தெரிந்தது. பெருமையாகக் காட்டினேன்.

"இது எந்தப் பக்கம் தம்பி?"

"தெரியலக்கா. படம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க."

"படத்தத் தூக்கிக் குப்பையில போடு. அந்த மனுசன் தொண்டைய ரெண்டு பக்கமும் அறுக்கச் சொல்லுதியா?"

புற்று எந்தப் பக்கமென்று தெரியாததால், மறுபடி ரெண்டு பக்கமும்தான் அறுத்தார்கள். அந்த அக்கா பிறகு என்னிடம் பேசவேயில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.