மூன்று கதிரைக்காரர்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்து ரூஜ் பக்கத்தில் நாங்கள் இருந்த வீட்டில் எனக்கு ஒரு சம்பளமில்லாத உத்தியோகம் இருந்தது: ஆங்கிலத்தில் வருகிற தாள்களை வாசித்துச் சொல்வது. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் விளங்கும் என்று வீட்டில் நம்பினார்கள். வருமான வரி, பல் வைத்தியம், ஹீட்டர் கொளுத்தும் விளக்கப் புத்தகம் எல்லாம் என்னிடம் வரும். பேஸ்மென்ற்றில் குடியிருந்த அண்ணையும் அப்படித்தான் ஒருநாள் பொலிஸ் கொடுத்த தாளுடன் மேலே ஏறி வந்தார்.

அவர் எனக்கு உறவில்லை, வயதுக்காக அண்ணை. அவருக்கு மூன்று வேலை. காலையில் ஒரு பேக்கரியின் வேனில் ரோல்சும் பற்றிசும் கொண்டுபோய், ஒஷாவாவிலும் அதற்கு அப்பாலும் எங்கள் ஆட்கள் நடத்திய பெற்றோல் நிலையங்களுக்குப் போடுவார். பின்னேரம் அப்படியொரு பெற்றோல் நிலையத்தில் நிற்பார். சனி ஞாயிறு ஒரு கட்டடம் கூட்டுவார். பின்னிரண்டும் கையில் காசு. பேக்கரி மட்டுந்தான் காசோலையும் சம்பளத் துண்டும் தந்தது. கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் காத்திருந்த மனைவியை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிட அந்தத் துண்டுதான் வேண்டும். துண்டுக்கு வேன் வேண்டும், வேனுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்சிலோ வேகமாக ஓடியதற்காக ஏற்கெனவே பொயின்ற்ஸ் என்கிற குற்றப் புள்ளிகள் ஏறிக் கிடந்தன. இன்னொரு பெரிய குற்றம் விழுந்தால் லைசென்ஸ் போய்விடும்.

விழ இருந்தது அதுதான். ஒஷாவாவுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், சிவப்பு விளக்கு மின்ன நின்ற ஸ்கூல் பஸ்சை அவர் கடந்து போனார் என்பது வழக்கு. பிள்ளைகள் ஏறி இறங்க அந்த விளக்கு மின்னினால் எல்லா வாகனமும் நிற்கவேண்டும் என்பது இங்கே சட்டம். பொலிஸ் காணவில்லை, பஸ் ட்ரைவர் வேனின் இலக்கத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார்.

"லைற் மின்னினதோ, இல்லையோ?" என்று கேட்டேன்.

"தாண்டத் தொடங்கேக்கை லைற் இல்லை. தாண்டி முடியேக்கை சிவப்பு."

விசாரணைக்குத் திகதி கேட்க அந்த ஊரின் நகர மண்டபத்துக்குப் போனோம். நீங்கள் ஒண்டும் கதைக்காதையுங்கோ, நான் கதைக்கிறன் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். கவுண்டரில் நின்றவருக்கு அடர்ந்த வெள்ளை மீசை. காற்சட்டையைச் சிவப்புத் தோள்பட்டிகள் தாங்கின. அவர் "என்ன நடந்தது?" என்று மரியாதைக்குத்தான் கேட்டார். அண்ணை தன் ஆங்கிலத்தில் முழுவதையும் சொல்லிவிட்டார். பஸ்சைக் கண்டது, பிள்ளைகள் ஒருவரையும் காணாதது, பற்றிஸ் ஆறினால் கடைக்காரன் எடுக்கமாட்டான் என்பது. நான் காலால் தட்டியதை அவர் ஊக்கமாக எடுத்துக்கொண்டார்.

கவுண்டர்க்காரர் பேனையை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். பற்றிஸ் என்றால் என்ன என்று விசாரித்தார். அண்ணை இறைச்சி, உருளைக்கிழங்கு, மிளகு என்று விளக்கினார்.

"இதையெல்லாம் எனக்குச் சொல்லவேண்டாம். நீதவானுக்குச் சொல்லுங்கள்" என்று அவர் திகதியைத் தந்தார்.

"நல்ல மனுசன். முழுக்கக் கேட்டவர்" என்றார் அண்ணை வெளியே வந்து.

விசாரணை நாளில் பனி கொட்டியது. மன்று அதே கட்டடத்தின் மேல்மாடியில். மகாராணியின் படமும், மடித்துச் சாத்திய பிங்பொங் மேசையும் இருந்தன. வழக்கமான நீதவான் பனியில் அகப்பட்டுவிட்டார், வேறொருவர் வருவார் என்றார்கள். கதவு திறந்தது. கறுப்பு அங்கி, குறுக்கே பச்சைப் பட்டி, அதற்கு மேலே வெள்ளை மீசை.

"தம்பி, உவர் கவுண்டரிலை நிண்டவர்."

"இல்லை அண்ணை. இந்த ஊரிலை பாதிப்பேருக்கு உந்த மீசைதான்."

பார்த்ததைப் பார்த்தபடி எழுதவேண்டும் என்று சம்பளம் வாங்கிப் பழகியவன் நான். ஆனாலும் அதை நம்ப என்னால் முடியவில்லை. இப்படியான சின்ன வழக்குகளை இங்கே சமாதான நீதவான்தான் கேட்பார். எங்கள் ஊரில் சமாதான நீதவான் என்றால் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், படலையில் ஒரு பெயர்ப்பலகை, மேசையில் ஒரு முத்திரை. மன்றில் ஏறி இருக்கும் ஆள் வேறு. அந்த ஆள் கவுண்டரில் நின்று தண்ணீர் பில்லுக்குக் காசு வாங்கமாட்டார். கதிரையில் அமரும்போது அங்கி விலகிச் சிவப்புத் தோள்பட்டி தெரிந்தது. தமையன் தம்பியாக இருக்கும், ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று இருவரும் முடிவுக்கு வந்தோம்.

முன் வாங்கில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய நாய் அவிழ்ந்து திரிந்த வழக்கு.

"இங்கே புதிதா?" என்று கேட்டுவிட்டு, நீதவானைக் கண்ணால் காட்டித் தாழ்ந்த குரலில் தொடங்கினாள். "முதலில் பொலிஸ் சார்ஜன்ட். ஓய்வுபெற்றார், நல்ல பென்சன். பிறகு வீதி இலாகா. ஓய்வுபெற்றார், இன்னொரு பென்சன். இப்போது கவுண்டர். நீதவான் வராவிட்டால் நீதவான். ஒவ்வொரு பிரியாவிடைக்கும் நாங்கள் கேக் வெட்டுகிறோம், அடுத்த திங்கள் இன்னொரு கதிரையில் இருக்கிறார். இவர் செத்தால் ஊரில் பாதி வேலைக்கு விளம்பரம் போடவேண்டும்."

நான் தமிழில் சொன்னேன். அண்ணை கணக்குப் பார்ப்பவர்போல மேலே பார்த்தார். "ரண்டு பென்சன், ரண்டு வேலை" என்றார்.

"மூன்றாவது வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்றாள் அவள், ஏதோ விளங்கியவள்போல. "காலையும் பின்னேரமும் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். கிழக்குப் பக்கம்."

அண்ணை பஸ்சைத் தாண்டிய இடமும் கிழக்குப் பக்கந்தான்.

"அப்ப நான் ஜட்ஜை முந்தியிருக்கிறன்" என்றார் அண்ணை. "முந்திப்போட்டு, அவரிட்டையே வந்து ஒப்புக்கொண்டுமிருக்கிறன்."

வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதவான் தாளில் குனிந்தபடி, சாட்சி வந்திருக்கிறாரா என்று பழக்கதோஷத்தில் கேட்டார். வழக்கை நடத்திய இளம்பெண் கோப்பைத் திறந்தாள். கோப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பவும் கோப்பைப் பார்த்தாள்.

"மாண்புமிகு நீதவான் அவர்களே, சாட்சி தாங்கள்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அண்ணையைப் பார்த்தார்.

"அப்படியானால் வந்திருக்கிறார்" என்றார்.

நாய்க்காரி சிரித்ததை மன்று கவனத்தில் எடுக்கவில்லை. இதைத் தான் கேட்கமுடியாது, வெளியூர் நீதவான் ஒருவர் கேட்பார் என்று தள்ளிவைத்தார். பின்னேர வழக்குகள் மூன்று மணிக்கு முன் முடிய வேண்டும் என்றும் சொன்னார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அண்ணை ஸ்ரியரிங்கைத் தட்டினார். "எங்கடை ஊரிலை ஒரு பென்சன் எண்டாலே மாப்பிள்ளைக்குச் சீதனம் கூட்டிக் கேப்பினம். இவருக்கு எவ்வளவு கேக்கலாம்?" பிறகு, "எனக்கும் மூண்டு வேலைதான் தம்பி. ஒண்டிலையும் கேக் வெட்டமாட்டாங்கள்."

நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு அவ்வப்போது எழுதுவேன். இதை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் வாசித்துவிட்டு, "அவர் தமிழரோ?" என்றார். இல்லை என்றேன். அந்த இடத்தில் வீடு விற்பனை விளம்பரம் வந்தது.

இரண்டாம் தடவை வந்த வெளியூர் நீதவான் ஒல்லியான பெண்மணி. பார்த்தால் ஒரே வேலை உள்ளவர்போல் இருந்தார். சாட்சியை அழைக்கச் சொன்னார். மன்றின் உதவியாளர் படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். கீழே கவுண்டரிலிருந்து மீசைக்காரரின் குரல் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. யாருக்கோ குப்பை எடுக்கிற நாளை விளக்கிக்கொண்டிருந்தார். உதவியாளர் இறங்கிப் போய் ஏறி வந்தார்.

"கவுண்டரைத் தனியே விட்டு வர முடியாதாம். மற்றப் பெண் இன்று லீவாம்."

"லீவு கொடுத்தது யார்?"

உதவியாளர் நிலத்தைப் பார்த்தார். "அவர்தான்."

நீதவான் சாளரத்தால் வெளியே பார்த்தார். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்தாயிற்று, சாட்சி மாடிப்படி ஏறாத வழக்கை இனியும் தள்ள முடியாது என்று தள்ளுபடி செய்தார். அண்ணை என் கையைப் பிடித்த பிடி மணிக்கட்டில் நெடுநேரம் வலித்தது.

இறங்கி வந்தால், அண்ணை வேனிலிருந்து ஒரு பெட்டி ரோல்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறார்.

"அண்ணை, ஜட்ஜுக்கு லஞ்சம் குடுத்ததெண்டு உள்ளுக்கை போடுவாங்கள்!"

"ஜட்ஜுக்கு ஆர் குடுத்தது? இது கவுண்டருக்கு."

கவுண்டர்க்காரர் பெட்டியைத் திறக்காமல் மணந்து பார்த்தார். "நீதவான் எதையும் வாங்க முடியாது. கவுண்டரிலும் வாங்கக்கூடாது" என்றார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பஸ் ட்ரைவருக்கு அப்படியொரு விதி இருப்பதாக எனக்குத் தெரியாது. அவர் மூன்று மணிக்குப் பின்பக்கம் வருவார்."

வேண்டுமென்றுதான் மேலே வராமல் விட்டாரா என்று அந்த முகத்தில் தேடினேன். மீசை மறைத்துவிட்டது.

பெற்றோல் நிலையத்துக்குப் பிந்தும் என்று தெரிந்தும் அண்ணை காத்திருந்தார். மூன்று மணிக்கு மீசைக்காரர் தொப்பியும் கனத்த சப்பாத்துமாக வந்து, பெட்டியை வாங்கி, அங்கே நின்ற ஸ்கூல் பஸ்சில் ட்ரைவர் இருக்கைக்குப் பின்னால் வைத்தார். ஏறி அமர்ந்து கதவைச் சாத்துமுன் குனிந்து அண்ணையைப் பார்த்தார்.

"அது சிவப்பு. நான் அங்கே இருந்தேன்."

"ஓம் சேர்" என்றார் அண்ணை.

அண்ணையின் மனைவி அடுத்த கோடையில் வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை கட்டடம் கூட்டுவதற்கு லீவு சொல்லிவிட்டு வர, எல்லோருமாக றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். வழியில் ஒரு மஞ்சள் பஸ் ஓரமாக நின்றது. விளக்கும் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. அண்ணை பின்னால் போய் வேனை நிறுத்தினார். பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்தன.

"ஒருத்தரும் இல்லையேப்பா, ஏன் நிக்கிறியள்?" என்றார் மனைவி.

"உமக்குத் தெரியாது" என்றார் அண்ணை, பஸ்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "உதுக்குள்ளை ஆர் ஆர் இருப்பினமெண்டு."