முனி கோயில் மண்ணும் மச்சான் சோளமும்

நான் படிச்சது கையெழுத்துப் போடுற வரைக்கும். அதுலயும் பாதிப் பேரு வந்ததும் கை வலிச்சுப்போயி நிறுத்திட்டேன். அப்பேர்ப்பட்ட ஆளத்தான் மண்ணு ஆராய்ச்சி பண்ற ஆபீசரு கூலிக்குச் சேத்துக்கிட்டாரு. மன்னார்புரத்துலேருந்து ஜீப்புல பச்சைமலை அடிவாரத்துக்குப் போனோம்.

அங்க உலோகக் கல்லு தோண்டுற குழி ஒண்ணு இருந்துச்சு. குழிக்காரங்க கழிவு மண்ண மலை மாதிரி குமிச்சு வச்சிருந்தாங்க. மழை பேஞ்சா அது கரைஞ்சு எம் பொண்டாட்டியோட அண்ணன் வயலுக்குள்ள எறங்கிடும். மச்சான் போட்ட சோளம் மொழங்கால் ஒசரத்துல மஞ்சளாகி நின்னுரும்.

ஆபீசரு சொன்னாரு: "பாறை தானா உதுந்தும் செம்பு, ஈயம் மண்ணுல சேரும். குழிக் கழிவுலேருந்தும் வரும். எதுன்னு தெரிஞ்சாத்தான் குமியல நகத்தச் சொல்ல முடியும். வயல்ல கொஞ்சம் மண்ணு எடு. குழிக்கு ரொம்பத் தள்ளி, கலப்பை படாத, உரம் போடாத எடத்துல கொஞ்சம் எடு. ரெண்டையும் ஒத்துப் பாப்போம்."

வயல் மண்ண எடுத்தேன். இன்னொண்ணுக்கு எனக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செஞ்சுது. எப்பவாச்சும்தான் செய்யும். எடுத்துக் குடுத்துட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு ஆபீசரு வந்தாரு. "குழிக்காரங்க மேல தப்பில்லய்யா. தள்ளி எடுத்த மண்ணுலதான் ஈயமும் செம்பும் ஜாஸ்தி. மலையே அப்படித்தான் போல. குமியல நகத்த வேண்டியதில்ல."

மச்சான் மொகம் அவரு சோளத்த விட மஞ்சளாயிருச்சு.

"எந்த எடம்னு காட்டு, பாப்போம்"னாரு ஆபீசரு. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு ரெண்டு பேரையும் கூட்டிப் போனேன். முனி கோயிலுக்கு.

வேண்டிக்கிட்டவங்க நட்ட அருவா முள்ளுக்காடு மாதிரி துருப்பிடிச்சு நின்னுச்சு. வேல்ல குத்துன எலுமிச்சம்பழம் கீழ கெடந்த பித்தள மணி மேல சொட்டி, மணியெல்லாம் பச்சையாப் பூத்திருந்துச்சு. வேலுக்குப் பூசுன செந்தூரம் வழிஞ்சு தரையே செவந்து கெடந்துச்சு.

"இங்கயா எடுத்தே?"

"ஆமா சார். கலப்பை படாது, உரம் போடமாட்டாங்க. செருப்பு கூட போட்டுக்கிட்டு வரமாட்டாங்க சார், அவ்வளவு சுத்தம்."

ஆபீசரு ஒரு அருவாவப் பாத்தாரு, அப்புறம் எங்கழுத்தப் பாத்தாரு. "செந்தூரத்துல ஈயம், மணியில செம்பு! இது மலை குடுத்ததில்லய்யா, உங்க ஊரு குடுத்தது!"

"அப்போ முனி மேலதான் தப்பா சார்?"

மச்சான் எங்கையில இருந்த மண்வெட்டிய மெதுவாப் புடுங்குனாரு. "மாப்ள, நீங்க ஜீப்புல உக்காருங்க. எதையும் தொடாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க, போதும்."

அவங்க ரெண்டு பேருமே போயி, குழிக்கு ரொம்பத் தள்ளி மேல, ஆள் நடமாட்டமில்லாத சரிவுல மண்ணெடுத்தாங்க. அதுல செம்பும் ஈயமும் கொஞ்சம் இருந்துச்சாம், பாறை குடுத்தது. வயல்ல இருந்தது அதுக்குப் பல மடங்கு. ஆபீசரு சொன்னதும் குழிக்காரங்க குமியலயும் வயல்ல படிஞ்ச கழிவையும் வாரி, மழைத் தண்ணி வயலுக்கு வராத அந்தப் பக்கம் கொண்டுபோனாங்க.

அடுத்த வருஷத்து மழைக்குக் கழிவு எறங்கல. சோளம் ஆளு மறையிற ஒசரம். மச்சான் வண்டியக் கட்டிக்கிட்டு வந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் கதிரு குடுத்தாரு. எங்க வீட்டுலயும் எறக்குனாரு. எம் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு, நான் பக்கத்துல நிக்கிறப்பவே சொன்னாரு:

"ஆக்கித் திங்கிறது உம்பாடு தாயி. ஆனா வெதைக்கு எடுத்து வைக்கிறத மட்டும் மாப்ளகிட்ட விட்டுராத."