இராசமலரின் மூன்றாவது அநுராதபுரப் பயணம்

1953 மார்ச் 21. ஒன்பது பேர். ஆளுக்கு ரூபா 5.40. பார்த்த இடம் ஒன்று.
1954 மார்ச் 13. பதினொரு பேர். ஆளுக்கு ரூபா 5.75. பார்த்த இடம் ஒன்று.
1955 மார்ச் 18, 19, 20. ஐந்து பேர். ஆளுக்கு ரூபா 8.10. பார்த்த இடங்கள் ஏழு.

இவை திருமதி இராசமலர் தில்லைநாதன் அநுராதபுரம் போன பயணங்கள். முதல் இரண்டிலும் நானும் போனேன். நேரங்களை அவ்வப்போதே குறித்துக்கொண்டேன். மூன்றாவதைப் போனவர்களிடம் கேட்டு எழுதினேன்.

இராசமலர் 1921இல் புலோலியில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்புவரை படித்தார். 1951இல் கணவரோடு கிளிநொச்சிக்கு வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் வயலில் குடியேறினார். அநுராதபுரத்து இரட்டைப் பொய்கையின் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருந்தார். கல்லால் படிகட்டி, ஒன்றையடுத்து ஒன்றாக அமைத்த இரண்டு குளிக்கும் பொய்கைகள். அதை நேரில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் அவர் கணவரிடம் கேட்டார். காலபோக அறுவடை முடியட்டும் என்றார் தில்லைநாதன்.

முதல் பயணத்தில் காலை 9.10க்கு ரயிலால் இறங்கினோம். 9.55க்குத் திசாவாவிக் குளத்தின் அணைக்கட்டில் ஏறினோம். அதுதான் பிழை. குளத்துத் தண்ணீரில் புதிதாக வயல் செய்யத் தொடங்கியவர்களுக்கு இன்னொரு குளத்தின் கட்டைக் கண்டால் கால் நிற்காது. தண்ணீர் திறக்கும் துருசடியில் எங்கள் அயலவர் வீரகத்தி குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார்.

“எங்கட துருசு இதைவிடப் பெரிசு.”

“பெரிசெண்டாப்போலை போதுமோ?” என்றார் தில்லைநாதன். “இது எத்தினை நூறு வருஷமாய் ஒழுகாமல் நிக்குது, பாரும்!”

குளத்துக் காவற்காரருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் அவர் மண்ணில் கோடு கீறிக் கீறி வாய்க்கால்கள் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். கட்டைவிட்டு இறங்கியபோது மணி 2.35. திரும்பும் ரயில் 3.20க்கு. பொய்கை அங்கிருந்து ஏறக்குறைய மூன்று மைல்.

அடுத்த வருடம் எவரும் திசாவாவிப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் புறப்பட்டோம். சத்தியத்தைக் காப்பாற்றினோம். வழியில் வேறொரு குளம் இருந்தது. இரண்டு நிமிடம் என்று ஏறியவர்கள் இறங்க இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் நால்வர் குளித்தும்விட்டார்கள்.

1955 பெப்ரவரியில் இராசமலர் முடிவைச் சொன்னார்.

“இந்தமுறை ஆம்பிளையள் ஒருத்தரும் வரவேண்டாம்.”

“பொம்பிளையள் தனியவோ? சனம் என்ன கதைக்கும்?” என்றார் தில்லைநாதன்.

“இரண்டுதரம் போய்க் குளம் பார்த்திட்டு வந்ததுக்குச் சனம் கதைச்சதைவிடவே?”

“சரி, போம். ஆனால் கடிதம் போடவேணும்.”

“ஒண்டில்லை, மூண்டு போடுறன்.”

போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், இராசமலர் செய்த ஏற்பாட்டை அப்படியே தருகிறேன். ஒரே நாளில் போய் வருவதை விட்டார். கோயில் மடத்தில் இரண்டு இரவு தங்க மூன்று கிழமைக்கு முன்பே எழுதிக் கேட்டார். தாதுகோபங்கள் என்னும் புத்த தூபிகளைச் சுற்றி வெறுங்காலோடு நடக்க வேண்டும். பங்குனி வெயிலில் பத்து மணிக்குப் பிறகு கல் சுடும். ஆகவே அவற்றைக் காலையிலும், மரநிழல் உள்ள இடங்களை மத்தியானத்திலும் வைத்தார். கட்டுச்சோறு புளிச்சாதம்; தேங்காய் சேர்ந்தது எதுவும் கொண்டுபோகவில்லை. மாட்டுவண்டிக்கு ஏறுமுன்பே திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கூலி பேசினார். பதினைந்து இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட ஏழு இடங்களை இருந்து பார்ப்பது நல்லது என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே கருத்து. குளத்துக்கு ஒதுக்கியது கடைசி நாள் பின்னேரம், இருபது நிமிடம் மட்டும்.

சனிக்கிழமை காலை 6.50க்கு ஐந்து பெண்களும் இரட்டைப் பொய்கைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இராசமலர் மேல்படியில் இருந்துவிட்டார். வீரகத்தியின் மனைவி கமலாசனி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்னக்கா, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?”

“படத்திலை இவ்வளவு நீளமெண்டு தெரியேல்லையடி.”

பிறகு எழுந்து சுற்றி வந்தார். தண்ணீர் பொய்கைக்குள் நேரே விழுவதில்லை என்பதை அப்போதுதான் கண்டார். வெளியே சிறிய கல்தொட்டி ஒன்றில் தங்கி, சேறு அடியில் படிந்த பிறகே உள்ளே போகும்படி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு போகமும் வாய்க்காலில் முழங்காலளவு சேறு வாரியவர் இராசமலர். அப்படியே குந்தியிருந்து தொட்டியைச் சாணால் அளக்கத் தொடங்கினார்.

“ஐயோ, அக்காவும் தொடங்கீட்டா!” என்று கமலாசனி தலையில் கைவைத்தார். “வண்டிக்காரன் கூப்பிடுறான், எழும்புங்கோ!”

“இரண்டு நிமிஷம்.”

நால்வரும் சிரித்த சிரிப்பில் வண்டிக்காரரும் இறங்கி வந்து பார்த்தாராம். அங்கே ஐம்பத்தைந்து நிமிடம் போயிற்று. ஆனாலும் ஏழு இடங்களும் தப்பவில்லை.

போகும் வழியில் வவுனியாவில் போட்ட முதற் கடிதம் தில்லைநாதனுக்கு 19ஆம் திகதியே கிடைத்தது. ஞாயிறு இரவு அவர்கள் கிளிநொச்சியில் வந்து இறங்கினார்கள். அநுராதபுரத்தில் சனிக்கிழமை போட்ட இரண்டாவது கடிதம் திங்கட்கிழமை வந்தது. “சுகம். இண்டைக்கு நல்ல வெயில்” என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

“பொய்கையைப் பார்த்தனீரோ இல்லையோ?” என்று தில்லைநாதன் கேட்டார்.

“மூண்டாவதிலை எல்லாம் எழுதியிருக்கு. வரட்டும்.”

“எழுதின ஆள் குசினிக்குள்ளை நிக்கிறா. நான் படலையிலை நிண்டு தபால்காரனைப் பார்க்கிறதோ?”

“கடிதம் கேட்டது நீங்கள்தானே.”

அவர் இரண்டு நாள் வாசற் படலையில் நின்றார். மூன்றாவது கடிதத்தில் இருந்தது பெரும்பாலும் படம்: கல்தொட்டி, தண்ணீர் வரும் வழி, போகும் வழி, பக்கத்தில் சாண் கணக்கு. கீழே நான்கு வரி.

“பொய்கையை ஆசைதீரப் பார்த்தேன். இந்தத் தொட்டியை நீங்கள் ஒருக்கால் பார்க்க வேணும். வாற பங்குனிக்கு இரண்டு பேரும் போவம். காலமை பொய்கை, பின்னேரம் உங்கட குளம்.”

அந்தக் கடிதம் கைக்கு வந்தது 1955 மார்ச் 23, புதன்கிழமை.